சக்கரத் தடமும் ஆற்று மீனும்

ஜொகூர், காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் நுழைவாயிலான கம்போங் பெத்தாவுக்குச் சுமார் 56 கிலோமீட்டர் செம்மண் பாதை. நான்கு சக்கர இயக்க வாகனம் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. மழை விட்ட கையோடு பாதையோரச் சேற்றில் இறங்கி, சக்கரத்தைச் சுழற்றி விளையாடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

டயர் அழுத்திய மண்ணில் நுண்துளைகள் அடைபடும். மழைநீர் உள்ளே இறங்காமல் தடத்தின் வழியே ஓடி, மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கும். அந்த வண்டல் படிந்தால் மீன் முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

“பூங்காவுக்கு வெளியேதானே?” என்பீர்கள். ஓடைக்கு எல்லைக்கல் தெரியாதே! எண்டாவ் ஆற்று மீனை நம்பி ஜக்குன் பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குப் போகிறீர்களா? மழை பெய்திருந்தால் ஒரு நாள் பொறுத்துப் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள்.