கல்லெறிந்தவர்களும் காவல் நின்றவர்களும்

1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி. நம்ம திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் ஒரு பையன் வந்து இறங்கினான். வயது 16. மதுரையில் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி வந்தவன். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, தன்னைத் தேட வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டவன். வழியில் காசு தீர்ந்து போகவே, காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொண்டு மிச்ச தூரத்தைக் கடந்தவன்.

அந்தப் பையன் யாரென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் உலகமே ரமண மகரிஷி என்று கும்பிட்டது. ‘அவன், இவன்’ என்று எழுதுகிறேனே என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு ஊர் அவரைப் பார்த்தது அப்படித்தான்! ஆயிரங்கால் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பையன் மீது தெருப் பசங்க கல்லை எறிந்தார்கள், ஓட்டாஞ்சில்லை எறிந்தார்கள். தாங்க முடியாமல் பாதாள லிங்கக் குகைக்குள் போனால் அங்கேயும் விடவில்லை. அந்தப் பசங்களை விரட்டிவிட்டுக் காவல் நின்றவர் சேஷாத்ரி சுவாமிகள். அவரைப் போலச் சிலர் காவல் நின்றார்கள். சிலர் பால் கொண்டுவந்து ஊட்டினார்கள்.

ஆக, அன்றைக்கு நம்ம ஊரில் இரண்டு கட்சி இருந்தது. கல்லெறிகிற கட்சி ஒன்று, குறுக்கே நிற்கிற கட்சி ஒன்று.

நான் மகானோடு யாரையும் ஒப்பிட வரவில்லை. அன்றைய ஊரை இன்றைய ஊரோடு ஒப்பிட வந்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு 16 வயதுப் பையன் வீட்டுக் காசைத் தூக்கிக்கொண்டு நம்ம பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். பௌர்ணமிக் கூட்டத்தில் எவனோ ஒரு பெரிய ஆள் அவனைப் பிடித்து, “இந்த போனை எடுத்துட்டு வா, பிரியாணி வாங்கித் தர்றேன்” என்கிறான். பையன் மாட்டிக்கொள்கிறான், பெரிய ஆள் தப்பித்து விடுகிறான். இப்போது நாம் எந்தக் கட்சி?

16 வயது என்றால் யார்? பத்தாவது முடித்துவிட்டு நம்ம பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேர்ந்து, யூனிபார்ம் கூட இன்னும் சரியாகத் தைத்து வராமல் ஒர்க்ஷாப்பில் அரத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான்! நம்ம ஜூனியர். சட்டத்தின் முன் நிற்கிற பையனும் நம்ம பெஞ்சில் இருக்கிற பையனும் ஒரே வயசு. இந்த மலரில் நான் இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

பிள்ளைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்தியாவிலேயே முதலில் யோசித்தது நம்ம மாகாணம். 1920ஆம் ஆண்டு சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் வங்காளமும் பம்பாயும் வந்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 1986இல் வந்தபோது ஆண் பிள்ளைக்கு 16 வயது வரை, பெண் பிள்ளைக்கு 18 வயது வரை என்று கோடு போட்டார்கள். 2000இல் இருவருக்கும் 18 ஆனது. 2012 டிசம்பரில் டெல்லி பேருந்துக் கொடுமை நடந்தது. குற்றவாளிகளில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன் என்றதும் நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் 2015ஆம் ஆண்டுச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது.

இந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பிடிபட்ட பையனை லாக்கப்பில் வைக்கக்கூடாது, சிறைக்கு அனுப்பக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பையனின் வீடு, படிப்பு, பழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் அறிக்கை தர வேண்டும். ஆனால் 16 வயது முடிந்து 18க்குள் இருப்பவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவன் மனநிலையையும், விளைவைப் புரிந்துகொள்கிற திறனையும் குழுமம் மதிப்பிட்டு, பெரியவனைப் போல் விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும். 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குழுமத்தில் குழந்தை மனநலம் படித்தவர் இல்லையென்றால் இந்த மதிப்பீட்டுக்கு மனநல வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு பிள்ளையின் தலையெழுத்தே இப்போது மனநலம் படித்தவர் கையில்!

கொடுங்குற்றம் என்றால் கொலை, கொள்ளை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அது கொடுங்குற்றம். 17 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் காதல் என்று வீட்டை விட்டுப் போய்விட்டால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் அந்தப் பையன் மேல் பாய்கிற பிரிவும் அந்தக் கணக்கில் வந்து சேரலாம். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே “அதெல்லாம் ரவுடிப் பசங்க சமாச்சாரம்” என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, கூர்நோக்கு இல்லத்துக்குள் போகிற பையனுக்கு என்ன நடக்கிறது? முதல் சில நாள் தூக்கம் வராது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை மோந்து பழகியவன், கஞ்சாவுக்குப் பழகியவன் எல்லாம் திடீரென்று அது நின்று போனதும் துடிப்பான், எரிந்து விழுவான். சிலன் பிளேடோ ஓட்டுத் துண்டோ கிடைத்தால் கையைக் கீறிக்கொள்வான். 15 வயதுப் பையன் படுக்கையை நனைத்துவிட்டு விடிவதற்குள் துணியை ஒளித்து வைப்பான். இதற்கெல்லாம் வெளியே நாம் வைத்திருக்கிற பெயர் ‘திமிர்’. மருந்து என்று நினைப்பது அடி!

அடி என்ன செய்யும்? 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்து போனான். பேட்டரி திருடியதாக வழக்கு. உள்ளே போன சில நாளிலேயே உயிர் போய்விட்டது. அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்த 6 பேரைக் கைது செய்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்து, இந்த இல்லங்களை எப்படிச் சீர்படுத்துவது என்று ஆராயச் சொன்னது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அதே 2023இல்தான், நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற வேலூரில், அரசினர் பாதுகாப்பு இல்லத்துப் பிள்ளைகள் சிலர் ஊழியர்களைத் தாக்கிவிட்டுத் தப்பி ஓடியதும் நடந்தது. ஒரு பக்கம் பையன் அடிபட்டுச் சாகிறான், இன்னொரு பக்கம் பையன் அடித்துவிட்டு ஓடுகிறான். இரண்டு இடத்திலும் குறைந்தது ஒன்றுதான்: உட்கார்ந்து பேச ஆள்.

உட்கார்ந்து பேசுவது பெரிய வேலையா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம், இல்லத்தின் பெயரும் வேண்டாம். சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். ஒருநாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சொன்னான்: “எல்லாரும் ஏண்டா பண்ணேன்னுதான் கேட்டாங்கண்ணா. கவுன்சிலிங் சார் ஒருத்தர் மட்டும், நைட்ல தூக்கம் வருதாடான்னு கேட்டாரு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த சார் முதல் இரண்டு வாரம் வழக்கைப் பற்றிப் பேசவே இல்லையாம். கேரம் விளையாடினாராம். சாப்பாடு, தூக்கம், அம்மா, பள்ளிக்கூடம் ஏன் நின்றது, இதைத்தான் கேட்டாராம். மூன்றாவது வாரம் இவனே அழுதுகொண்டு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். அதன் பிறகு, கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது, கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாராம். வெளியே வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். “சாருக்கு வேலை முடிஞ்சிடுச்சாம்ணா. புதுசா ஒருத்தர் வந்தாரு. அவருகிட்டயும் முதல்லேர்ந்து சொல்லணுமா? விட்டுட்டேன்” என்றான்.

நான் சொல்ல வந்தது இதுதான். மனநல உதவி என்றால் மாதத்துக்கு ஒருநாள் கார் வந்து நிற்பதும், பாரம் நிரப்புவதும் அல்ல. மாறாமல் தொடர்ந்து வருகிற ஒரே ஒரு மனிதர் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பில் இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் இருக்கின்றன. சம்பளம் குறைவு, நாளைக்கு இருப்போமா என்ற நிச்சயம் இல்லை. தன் மனசுக்கே நிம்மதி இல்லாதவர் அடுத்தவன் மனசை எப்படித் தாங்குவார்? இளைஞர் நீதி அமைப்புகளில் காலியிடங்களை நிரப்புங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருக்கிறது. நிரப்பினால் மட்டும் போதாது, நிரந்தரமாகவும் ஆக்க வேண்டும்.

இன்னொன்று. பையனின் மனக்காயத்தை ஆற்றுகிறவரும், ‘இவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா’ என்று மதிப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. இன்டர்னல் மார்க் போடுகிற சாரிடமே போய் நாம் நம்ம ரகசியத்தைச் சொல்வோமா? மாட்டோம் அல்லவா! பிறகு அவன் மட்டும் எப்படிச் சொல்வான்? எது குழுமத்துக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லிவிட வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2020இல் ‘சம்வாத்’ என்று ஒரு மையம் தொடங்கி, இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சி நம்ம மாவட்டத்துக் கடைசி வார்டன் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

“திருடனுக்கு கவுன்சிலிங்! பறிகொடுத்தவனுக்கு என்ன?” என்று நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்விதான். போனைப் பறிகொடுத்த அக்காவுக்கும், அடிபட்டவருக்கும் ஆறுதல் வேண்டும், நஷ்டஈடு வேண்டும். இதற்காக அதைக் குறைக்கச் சொல்லவில்லை. தப்புக்குப் பொறுப்பேற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தான் செய்ததை நிமிர்ந்து பார்த்து, “ஆமா, நான்தான் பண்ணேன், தப்புதான்” என்று சொல்லவே ஒரு தெம்பு வேண்டும். அடி வாங்கியவன் பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்வான். அவனை அனுப்பிய பெரிய ஆளைப் பிடிக்கவும் அதே சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல் இருக்கிறது. பையன் வாயைத் திறந்தால்தானே அந்த ஆள் மாட்டுவான்!

விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. முன்பின் யோசித்து, அவசரத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர 25 வயது நெருங்கிவிடும். நம்ம பாஷையில் சொன்னால், என்ஜின் முழு வேகத்தில் ஓடுகிறது, பிரேக் இன்னும் சரியாக செட் ஆகவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியை சுத்தியலால் அடித்து யாராவது சரி பண்ணுவார்களா?

நாம் என்ன செய்ய முடியும்? அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். 1978-79இல் தொடங்கிய சமுதாய பாலிடெக்னிக் திட்டத்தில், படிப்பு நின்றுபோன கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்த பரம்பரை நம்முடையது. நம்ம மாணவர் பேரவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். அவர்கள் அனுமதியோடு, நம்ம மாவட்டப் பிள்ளைகள் இருக்கிற இல்லத்துக்கு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போவோம். ஹவுஸ் வயரிங், மோட்டார் வைண்டிங், டூ வீலர் மெக்கானிசம், நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்போம். ஒரே ஒரு நிபந்தனை: முதல் வாரம் போகிற ஐந்து பேரே வருஷம் முழுக்கப் போக வேண்டும். பிஸ்கட் பாக்கெட் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற வேலை வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் போட்டோவை வெளியிடுவதே சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, நம்ம வகுப்பிலேயே அப்படி ஒருவன் வந்து உட்கார்ந்தால் கிண்டிக் கிளறாமல் இருப்போம். சிறார் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கைக் காரணம் காட்டி, படிப்புக்கோ வேலைக்கோ அவனைத் தகுதியற்றவன் என்று சொல்லக்கூடாது என்பதுதான் சட்டத்தின் பொது விதி. பெரியவனாக விசாரிக்கப்பட்டவன் ஒருவனுக்குத்தான் அதில் விலக்கு. சட்டம் அழித்த பெயரை நாம் ஏன் மறுபடி எழுத வேண்டும்?

மூன்றாவது, இரண்டு எண்களை மனசில் வைத்துக்கொள்வோம். ஆபத்தில் இருக்கிற குழந்தைக்கு 1098. மனசு தாங்க முடியாமல் போனால் 14416. இது அவர்களுக்கு மட்டுமல்ல, அரியர் வைத்துவிட்டு ஹாஸ்டல் ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கிற நமக்கும்தான்.

பாதாள லிங்கம் இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது. அடுத்த முறை ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அங்கே கல்லெறிந்த பசங்களும் நம்ம ஊர்ப் பசங்கதான். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள், தடுத்துச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பையனுக்கும், வெளியே கல்லோடு நின்ற பையனுக்கும், இரண்டு பேருக்குமே ஒரு பெரியவர் தேவைப்பட்டார்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து வெளியே போகும்போது நாம்தான் அந்தப் பெரியவர்கள். குறுக்கே நிற்கிற கட்சியில் இன்றைக்கே பெயர் கொடுப்போம்!

— மூன்றாமாண்டு மாணவன், எந்திரவியல் பிரிவு