தலை முக்கோணமா இருந்தாதான் விஷமா?

போன மாசம் எங்க ஹாஸ்டல் பாத்ரூம்ல ஒரு பாம்பு. ராத்திரி பதினொன்றரை இருக்கும். கருப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். பத்து பேர் கூடிட்டோம். ஒருத்தன் கூகுள் லென்ஸ்ல போட்டான், 'வெள்ளிக்கோல் வரையன்'னு வந்துச்சு. விஷமில்லாத பாம்பு. இன்னொருத்தன், "தலை முக்கோணமாவே இல்லயேடா, ஒண்ணும் பண்ணாது"ன்னு பக்கெட்டோட கிளம்பிட்டான். வாட்ச்மேன் அண்ணன்தான் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். தீயணைப்புத் துறைக்காரங்க வந்து பார்த்ததும் சொன்னாங்க: கட்டுவிரியன்.

அந்த முக்கோணத் தலை விதி எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். அமெரிக்க வீடியோக்கள்ல அடிக்கடி சொல்வாங்க. அங்க விஷப் பாம்புகள்ல பெரும்பாலானவை விரியன் வகை, அதனால ஓரளவு பொருந்தும். நம்ம ஊர்ல கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் சரி. ஆனா நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை அப்படி இருக்காது. இதுல கொடுமை என்னன்னா, கட்டுவிரியனுக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம். அந்த அப்பாவி வரையனுக்குத்தான் தலை தட்டையா, கழுத்தைவிட அகலமா இருக்கும். அதாவது அந்த விதியை நம்பினா விடை தலைகீழா வரும்.

சரி, கோட்டை வச்சுக் கண்டுபிடிக்கலாமே? வரையனுக்குக் கோடு கழுத்துல இருந்தே பட்டையா ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கிடும். கட்டுவிரியனுக்குத் தலையில இருந்து கொஞ்சம் தள்ளித்தான், மெல்லிசா, பெரும்பாலும் ஜோடி ஜோடியா வரும். புத்தகத்துல படிக்க அழகா இருக்கு. ஆனா குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் கோடு தெரியும், சில பெரிய பாம்புகளுக்குக் கோடே சரியாத் தெரியாது. நம்பகமான அடையாளம் முதுகு நடுவுல வரிசையா இருக்கிற அறுகோணச் செதில்கள். அதைப் பார்க்கணும்னா முகத்தைப் பாம்புகிட்ட கொண்டு போகணும்! எந்த அடையாளம் உறுதியானதோ, அதுக்குத்தான் ரொம்பக் கிட்டப் போகணும்.

அதனால என் கருத்து இதுதான். பாம்பு அடையாளம் கத்துக்கோங்க, ஆனா பகல்ல, படத்தைப் பார்த்து. பாத்ரூம் வாசல்ல நின்னுகிட்டு இல்ல. 'விஷமில்லாதது'ன்னு தப்பா முடிவு பண்றதுக்கு அங்க அரியர் எழுத முடியாது. கட்டுவிரியன் கடிச்சா பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. தூக்கத்துல கடிபட்டவங்களுக்குக் கண் இமை தொங்கி, மூச்சு திணறும்போதுதான் விஷயமே தெரியும்.

கடிச்ச பாம்பைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னும் நிறைய பேர் நம்புறாங்க. தேவையே இல்ல. இங்க கொடுக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், ரெண்டு விரியன்கள்னு நாலுக்கும் சேர்த்த ஒரே மருந்து. டாக்டர் அறிகுறிகளைப் பார்த்து, ரத்தம் 20 நிமிஷத்துல உறையுதான்னு சோதிச்சு முடிவு பண்ணுவார்.

எங்க பிளாக் நோட்டீஸ் போர்டுல தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108ன்னு நானே ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினேன். மறுநாள் அதுக்கு மேல சிம்போசியம் போஸ்டர் ஒட்டிட்டாங்க.