தூரை விட்டுட்டு கொம்பை வெட்டுறதுக்குப் பேரு ஒழிப்பா?



விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல ஆமத்தூரைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியா ரெண்டு பக்கமும் பாருங்க. பருத்தியும் கம்பும் சோளமும் விளைஞ்ச கரிசல் காடு. இன்னைக்கு அங்கங்க பட்டாசு ஆலை, மிச்சம் தரிசு, தரிசு முழுக்க வேலிக்கருவை. கம்மாய்க்குள்ள வேலிக்கருவை. வரத்துக்கால்ல வேலிக்கருவை. சுடுகாட்டுக்குப் போற பாதையிலயும் அதே முள்ளுதான்.

“சீமைக்கருவேல மரங்கள் முற்றிலும் அகற்றப்படும்” என்ற அறிவிப்பை எத்தனை தடவை கேட்டிருக்கோம்? ஏலம் விடுறாங்க. எடுத்தவர் ஆள் இறக்கி, தரையோட ஒட்ட வெட்டி, லாரியில ஏத்திட்டுப் போயிடுறார். தூர் மண்ணுக்குள்ளயே கிடக்கு. ஒரு மழை விழுந்தா ஒரு தூர்ல பத்து கொம்பு வெடிச்சு வருது. சில வருசத்துல மறுபடி காடு, மறுபடி ஏலம், மறுபடி அறிவிப்பு.

இது ஒழிப்பு கிடையாது தோழர்களே. இது அறுவடை. மரம் நம்ம கம்மாயில, கட்டை அடுத்தவன் லாரியில!

இந்த மரம் தானா நடந்து வரல. மத்திய, தென் அமெரிக்க நாட்டு மரம் இது. 1870-களில் விறகுத் தேவைக்காக சென்னை மாகாண வனத்துறையே விதையை வரவழைத்து, அன்று மாகாணத்துக்குள் இருந்த கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டது. வறண்ட மண்ணுக்கு ஏத்த மரம்னு அதுக்கப்புறமும் பரப்பினாங்க. ஆடும் மாடும் இனிப்பான நெத்தைத் தின்னு, சாணியிலயும் புழுக்கையிலயும் விதையைப் போட்டு மிச்சத்தைப் பரப்புச்சு. கொண்டு வந்தது அரசாங்கம். குத்து வாங்குறது ஆடு மேய்க்கிறவன் கால்!

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்துலதான் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லிக் கடுமையா உத்தரவு போட்டது. ஊர் ஊரா ஜேசிபி உறுமுச்சு. அதே ஆண்டு சென்னையில தலைமை அமர்வு இடைக்காலத் தடை போட்டதும் அந்த வேகம் நின்னுச்சு. 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழ்நாடு அரசு தனியா ஒரு கொள்கையே வெளியிட்டது. தலைப்புலயே ரெண்டு வேலை இருக்கு: அகற்றுவது, மீட்பது. வெட்டுறது மட்டும் நடக்குது. மீட்பு எங்க?

ஒண்ணை நேர்மையா சொல்லிடுவோம். 2017-ல வாட்ஸ்அப்ல சுத்தின கதைகளை நம்ம தோழர்கள் இனிமே பகிர வேண்டாம். “இந்த மரம் ஆக்சிஜன் தராது, கரியமில வாயுவை மட்டும் விடும்”, “நிழல்ல கட்டுன மாடு மலடாயிடும்” என்பதெல்லாம் கதை. எல்லாப் பச்சை மரமும் செய்யுற வேலையை இதுவும் செய்யுது. பொய்யைச் சொல்லி அடிக்கணும்னு அவசியமே இல்ல. நிஜமே போதும்: ஆழமா வேர் விடுது, வறட்சியிலயும் பச்சையா நிக்குது, அடியில புல் பூண்டைத் தலையெடுக்க விடமாட்டேங்குது, வரத்துக்காலை அடைச்சு கம்மாய்க்கு வர்ற தண்ணியை மறிக்குது. மானாவாரி பூமியில இதைவிடப் பெரிய குத்தம் வேற என்ன வேணும்?

அடுத்து, “எல்லாத்தையும் நாளைக்கே பிடுங்கி எறி” என்று ஏசி ரூம்ல உக்காந்து பேசுறவங்களுக்கு ஒரு கேள்வி. கரி மூட்டம் போடுறவன் என்ன பண்ணுவான்? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள்ல நிலமில்லாத குடும்பங்களுக்கு விறகு வெட்டும் மூட்டமும்தான் சோறு. பட்டாசு ஆலை மூடிக் கிடக்கிற மாசங்கள்ல அருவாளை எடுத்துட்டு வேலிக்கருவைக்குள்ள போறவங்க நம்ம ஆமத்தூர் பக்கத்துலயே இருக்காங்க. மழை பொய்த்த வருசத்துல அடுப்பை எரிய வச்சது இந்த முள்ளுதான். அந்த உழைப்பாளியை விரோதியா காட்டுற எந்த ஒழிப்புத் திட்டமும் நம்ம திட்டம் இல்ல.

அதே மாதிரி சிறு விவசாயியையும் குத்தவாளி ஆக்காதீங்க. அவர் ஏன் நிலத்தைத் தரிசு போட்டார்? மழை இல்ல, பருத்திக்கு விலை இல்ல, களையெடுக்க ஆள் இல்ல, காட்டுப்பன்றி விட்டுவைக்கல. விதைக்காத நிலத்துல வேலிக்கருவை தானா விதைச்சுக்குது. அதை எடுக்க ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடகை கட்டணும். ரெண்டு ஏக்கர் புஞ்சையில அந்தக் காசை எந்த வெள்ளாமையில எடுப்பார்? கருவை வந்ததால மட்டும் நிலம் தரிசாகல, தரிசானதாலதான் கருவை வந்துச்சு. விவசாயத்தைக் கைவிட்ட ஆட்சியாளர்கள் மரத்து மேல பழியைப் போட்டுத் தப்பிக்கப் பாக்குறாங்க.

சரி, கம்மாய் யாரோடது? நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத்துறை, குறைவா இருந்தா ஊராட்சி ஒன்றியம். புறம்போக்குன்னா வருவாய்த்துறை. மரத்துக்கு விலை போடறது வனத்துறை. நாலு ஆபீஸ் ஏறி இறங்குறதுக்குள்ள நெத்து பழுத்து, ஆடு தின்னு, அடுத்த தலைமுறை முளைச்சுடுது! நூறு நாள் வேலையில எடுக்கலாம்னா, அங்க ஆள் வேலைக்குப் பதிலா இயந்திரம் வைக்கக் கூடாதுங்குற விதி. அக்காமாரு மம்பட்டியை வச்சு எப்படி அந்தத் தூரைப் புரட்டுவாங்க?

உலகத்துல நாம மட்டும் மாட்டல. கென்யாவில் பரிங்கோ ஏரிக்கரையில் இதே இன மரங்களை 1980-களில் நட்டாங்க. நெத்தைத் தின்னு தின்னு ஆடுகளுக்குப் பல்லு போச்சு. இல்சாமுஸ் மக்கள் சும்மா இருக்கல. அரசாங்கத்து மேல வழக்குப் போட்டு, பல்லுப் போன ஆட்டையே சாட்சியா நீதிமன்றத்துக்குக் கொண்டு போனாங்க. “நட்டது நீங்க, நட்டத்துக்குப் பதில் சொல்றதும் நீங்கதான்” என்று கேக்குற தைரியம் அந்த இடையர்களுக்கு இருந்துச்சு. நமக்கு இல்லையா?

நம்ம கோரிக்கை தெளிவானது:

🔴 முதல்ல நீர்நிலை. வரத்துக்கால், கம்மாய் உள்வாய், மடை, மறுகால், பிறகு அர்ச்சுனா நதிப் படுகையும் ஆனைக்குட்டம் அணையும். மழைக்கு முன்னாடி எடுக்கணும்.

🔴 தூரோட எடுக்காத ஒப்பந்தக்காரருக்குப் பாக்கித் தொகையைத் தராதே. ஒரு மழை பார்த்து, துளிர் இல்லைன்னு கிராமசபை சொன்ன பிறகுதான் கணக்கை முடிக்கணும்.

🔴 ஏலக் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவர்ல எழுது. அந்தப் பணம் அந்தக் கம்மாய் மராமத்துக்கே வரணும்.

🔴 வெட்டுக்கும் மூட்டத்துக்கும் உள்ளூர்த் தொழிலாளர் குழுக்களுக்கு முதல் உரிமை. தூர்க்கட்டைக்கும் கரிச் சந்தையில விலை உண்டு, அது அவங்களுக்கே சேரட்டும்.

🔴 சிறு, குறு விவசாயி நிலத்துல தூர் எடுக்குற இயந்திரச் செலவை அரசே ஏத்துக்கணும். முதல் ரெண்டு வெள்ளாமைக்கு விதையும் உழவுக் கூலியும் தரணும். எடுத்த நிலம் விதைக்காமக் கிடந்தா முள்ளு திரும்பி வந்தே தீரும்.

🔴 எடுத்த கரையில வேம்பு, புளி, பனை, பூவரசு, நாட்டுக்கருவேலம் நடணும். நட்டதோட விடாம ஆடு கடிக்காமக் காக்க ஆள் போட்டுக் கூலி கொடுக்கணும்.

🔴 நாலு துறை அனுமதியையும் ஒரே மேசைக்குக் கொண்டு வா.

தோழர்களே, அடுத்த கிராமசபையில உங்க ஊர்க் கம்மாய்ப் பேரைச் சொல்லித் தீர்மானம் போடுங்க. போன தடவை ஏலம் எவ்வளவுக்குப் போச்சு, தூர் எடுத்தாங்களா, பணம் எங்கன்னு மூணே கேள்வி கேளுங்க. பதில் வராட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. வெட்டின இடத்துல துளிர் வந்திருந்தா படம் எடுத்து, ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க. மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவோட சேர்த்துக் கொடுப்போம்.

கொம்பை வெட்டி ஏமாத்தினது போதும்.
தூரை எடு! கம்மாயைக் காட்டு! கணக்கைச் சொல்லு!

#தூரோடு_எடு #கம்மாய்_நமது #கரிசல்_மண்_காப்போம்