கிரிப்பர் இல்லாத தாள்

ஆடி 18 கழிந்த மூன்றாம் நாள். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகம். தினசரி காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பட்டாசுப் பெட்டி லேபிள் வேலை குவிந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து டிசைன் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் உயிரை விட்டது. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு போனால், முதலாளி நிதானமாகப் பென் டிரைவ் ஒன்றை நீட்டுகிறார். "ஒண்ணுமில்ல தம்பி, எக்ஸ்பி சிடியை அப்பவே காப்பி போட்டு வச்சிருக்கோம்."

திறந்து பார்த்தேன். எக்ஸ்பியை நிறுவும் ஃபைல்கள் கொண்ட ஐ386 ஃபோல்டர் இருந்தது. மற்ற ஃபைல்களும் ஒன்று விடாமல் இருந்தன. "அண்ணாச்சி, இதை வச்சு பூட் ஆகாதே" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், வேலை தெரியாத பையனை அனுப்பிவிட்டார்கள் என்ற வருத்தம் தெரிந்தது.

இந்தக் காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பியா என்று சிரிப்பவர்கள் ஓர் அச்சகத்துக்குள் போய் வந்தால் நல்லது. அச்சுப் பக்கம் சேர்க்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த வருஷக்கணக்கான ஃபைல்கள் எக்ஸ்பியில் ஓடும் அந்தப் பேஜ்மேக்கரில்தான் ஒழுங்காகத் திறக்கும். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. அச்சகத்தால் அப்படிக் கழுவ முடியாது.

நான் சண்டை போட வந்திருப்பது அந்தப் பென் டிரைவுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையோடு. சிடி என்றால் ஃபைல்கள், ஃபைல்களை இழுத்துப் போட்டுவிட்டால் சிடியை எடுத்தாயிற்று என்கிற நம்பிக்கை. விருதுநகர் ஜெராக்ஸ் கடையிலிருந்து பொறியியல் கல்லூரி லேப் வரை இதுதான் நிலவரம். எங்களைப் போன்ற சர்வீஸ் ஆட்களும் இதை வளர்த்துவிட்டோம். பாட்டு சிடி, படம் சிடி, கல்யாண போட்டோ சிடி எல்லாவற்றையும் அப்படித்தானே எடுத்துக் கொடுத்தோம்? அவற்றுக்கு அது போதும். ஆபரேட்டிங் சிஸ்டம் சிடிக்குப் போதாது.

சிடியை நாம் ஃபோல்டராகப் பார்க்கிறோம். டிரைவுக்கு அது 2,048 பைட் கொண்ட கட்டங்களின் ஒரே நீள வரிசை. 80 நிமிட சிடியில் 3,60,000 கட்டங்கள். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 9660 விதிப்படி முதல் 16 கட்டங்களைத் தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்த கட்டத்தில் சிடியின் பெயர், அளவு, ஃபோல்டர்கள் எங்கே தொடங்குகின்றன என்ற விவரம் இருக்கும். பூட் ஆகும் சிடியென்றால் அதற்கும் அடுத்த கட்டத்தில், பூட் நிரல் எங்கே கிடக்கிறது என்று கைகாட்டும் பதிவு ஒன்று உண்டு. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995இல் வகுத்த இந்த முறைக்கு எல் டொரிட்டோ என்று பெயர். ஏதோ ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே யோசித்ததால் ஓட்டல் பெயரையே வைத்தார்கள் என்று சொல்வார்கள். எக்ஸ்பி சிடியில் அந்தப் பூட் நிரல் சரியாக ஒரே கட்டம், 2,048 பைட். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னாலும் அது எந்த ஃபோல்டரிலும் தெரியாது. தெரியாததை எப்படி இழுத்துப் போடுவது?

அண்ணாச்சிக்கு நான் சொன்ன கணக்கு வேறு. ஆப்செட் தாளின் ஓரத்தில் கிரிப்பருக்கென்று விடும் இடத்தில் ஒரு பொட்டு மை படாது. கட்டிங்கில் அது குப்பைக்குத்தான் போகும். வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்த ஓரத்தைக் கடித்துத்தான் மிஷின் தாளையே உள்ளே இழுக்கிறது. கிரிப்பருக்கு இடம் விடாமல் தாள் முழுக்கப் படம் போட்டுக்கொண்டு வந்தால் அவர் என்ன சொல்வார்? "ஏம்ல, மிஷின் எதப் பிடிச்சு இழுக்கும்?" அதே கேள்வியைத்தான் கம்ப்யூட்டரும் கேட்கிறது.

டிஸ்க் இமேஜ் என்றால் ஃபைல், ஃபோல்டர் பேதம் பார்க்காமல் முதல் கட்டம் தொட்டுக் கடைசிக் கட்டம் வரை வரிசை மாறாமல் அப்படியே ஒரே ஃபைலாக இறக்கி வைப்பது. லினக்ஸில் டிடி என்ற ஒற்றை வரிக் கட்டளை. விண்டோஸில் இம்க்பர்ன் மாதிரி ஓர் இலவச மென்பொருள். பத்து நிமிஷ வேலை. விண்டோஸும் இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பு. விண்டோஸ் 7 இமேஜைச் சிடியில் எழுதித் தரும், 8 இமேஜைத் திறந்து காட்டும், சிடியிலிருந்து இமேஜ் எடுக்க மட்டும் இன்றுவரை வலது கிளிக்கில் ஒரு வழி கிடையாது. கண்ணுக்குத் தெரிவது காப்பி, பேஸ்ட் மட்டும்தான் என்றால் ஜனம் அதைத்தான் செய்யும்.

இப்போதுள்ள கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 10 ஃபைல்களைப் பென் டிரைவில் வெறுமனே இழுத்துப் போட்டாலும் பல சமயம் பூட் ஆகிவிடுகிறது, உண்மைதான். யுஇஎஃப்ஐ என்ற புது ஏற்பாடு பூட் நிரலைச் சாதாரண ஃபைலாகவே தேடிக்கொள்கிறது. இந்தச் சலுகையைப் பழைய சிடிக்கும் நீட்டிப் பார்ப்பதில்தான் கோளாறு. தலைகீழ்க் கூத்தும் உண்டு. லினக்ஸ் இமேஜைப் பதிவிறக்கி, அதை ஒரு ஃபைலாகவே பென் டிரைவில் போட்டுவிட்டு, "பூட் ஆகலையே" என்று வந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

"எல்லாம் நெட்ல கிடைக்கும்" என்பார்கள். கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டரோடு வந்து கேபினெட்டில் ஒட்டியிருக்கும் ஓஇஎம் சாவியைக் கடையில் விற்ற ரீடெயில் சிடி ஏற்றுக்கொள்ளாது. யாரோ திருத்தி ஏற்றிய எக்ஸ்பியில் கூடவே என்ன வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. "காப்பி எடுத்தா கேஸாகும்" என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் உண்டு. முறையாக வாங்கிய மென்பொருள் சேதமானால் என்ன செய்வது என்ற பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்து வைப்பதை 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விற்பதற்குத்தான் அனுமதி இல்லை.

ஒரிஜினல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் இவை எல்லாவற்றிலும் பெரிய கதை. பளபளப்பான பக்கத்தில் கீறல் விழாமல் பொத்திப் பொத்தி வைக்கிறோம். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக்; சின்னக் கீறலை டிரைவே சமாளித்துக்கொள்ளும். தகவலைத் தாங்கும் உலோகப் பூச்சு இருப்பது லேபிள் பக்கத்தை ஒட்டி, மெல்லிய வார்னிஷுக்கு அடியில். கம்பெனி அச்சிட்ட சிடியில் அது அலுமினியம். நாம் எரிக்கும் சிடியில் பெரும்பாலும் வெள்ளி. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது கொலுசு போட்ட பிள்ளைக்கும் தெரியும். கந்தக மூட்டை இறங்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எரித்த சிடியை நம்பலாமா?

அண்ணாச்சியின் ஒரிஜினல், கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இருந்தது. மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று சாவி எண்ணை யாரோ லேபிள் பக்கத்தில் பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்கள். ட்யூப் லைட்டில் காட்டினால் எழுத்து போன வழியெல்லாம் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். டிரைவ் நாலு தடவை உறுமிவிட்டுத் துப்பியது. இரண்டாம் நாள் மாலை, பக்கத்துத் தெருக் கடையொன்றில் வேறொரு எக்ஸ்பி சிடி கிடைத்தது. சாவி ஒத்துப்போகுமோ என்ற சந்தேகத்தில் அதிலிருந்து பூட் நிரலை மட்டும் எடுத்து, பென் டிரைவில் இருந்த ஃபைல்களோடு சேர்த்துப் புதிய சிடியாக எரித்தேன். பூட் ஆனது.

"ரெண்டு கேபிக்காகவா ரெண்டு நாள் பிளேட் போடாம நின்னோம்?" என்றார். பதில் சொல்வதற்குள் மறுபடி பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுச் சிடியை மேஜையில் வைத்தார். ஸ்கேனர், பிரிண்டர், டாங்கிள், எழுத்துரு எல்லாம் சேர்த்துப் பதினொன்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாக இமேஜ் எடுக்கத் தொடங்கினேன். மூன்றாவதிலேயே டிரைவ் உறுமியது.