நுழையுமுன் வாயிலைப் பார்!
(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

நம் காரைக்கால் வீடுகளின் கூரைகளில் ஒரு காலத்தில் மூங்கில் கழிகளும் இரும்புக் குழாய்களும் வானளாவ நின்றனவாம். சென்னையில் 1975-ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆனால் அதன் அலை நம் ஊரை எளிதில் எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் படத்தைப் பிடிக்கத்தான் அத்தனை கழிகளும். ஒருவர் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்புவார், கீழிருந்து மற்றொருவர், "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று குரல் கொடுப்பார். இதை என் தாத்தா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அன்று படத்தைத் தேடி மனிதன் போனான். இன்று மனிதனைத் தேடிப் படம் வருகிறது. 2015-இல் ஹாட்ஸ்டாரும், 2016-இல் நெட்பிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவில் கால் பதித்தன. அதே 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் இணையக் கட்டணம் மளமளவென்று சரிந்தது. 2020-இல் கொரோனா நோய் திரையரங்குகளைப் பூட்டியது. அந்த ஆண்டு மே 29-ஆம் நாள் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமல் நேரே கைபேசிக்கு வந்தது. நவம்பரில் 'சூரரைப் போற்று' வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் 'ஜெய் பீம்' வந்து நாடு முழுவதும் பேசப்பட்டது. இன்று ஓ.டி.டி. செயலி இல்லாத கைபேசியைக் காண்பது அரிது.

இவ்வசதியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நல்ல படத்தைக் குறைந்த செலவில் குடும்பத்தோடு பார்க்க முடிவது நன்மையே. நான் சொல்ல வந்தது வேறு. இச்செயலிகளில் நுழைவது எப்படி என்பதை நாம் அனைவரும் அறிவோம். வெளியேறுவது எப்படி என்பதை எத்தனை பேர் அறிவோம்?

என் வீட்டு அனுபவம்

முதலாமாண்டில் இருந்தபோது, "முதல் மாதம் இலவசம்" என்ற விளம்பரத்தைக் கண்டு ஒரு செயலியை அம்மாவின் கைபேசியில் இறக்கினேன். எங்கள் வீட்டில் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது அந்த ஒரு கைபேசிதான். பெயர், எண், ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில் யு.பி.ஐ. ரகசிய எண்ணைக் கேட்டது.

"எதுக்கு தம்பி நம்பர் கேக்குது? இலவசம்னுதானே சொன்னே?" என்றார் அம்மா.

"அதெல்லாம் சும்மா கேக்கும்மா, போடுங்க" என்றேன் நான்.

அம்மா போட்டார். ஒரு மாதம் படம் பார்த்தோம். மாதம் முடியும் முன்பே செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டேன். கதை முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை. அடுத்த மூன்று மாதங்களும் மாதத்திற்கு 299 ரூபாய் வீதம் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். வங்கியிலிருந்து வழக்கமாக வரும் ஏதோ ஒன்று என்று அம்மா விட்டுவிட்டார். பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. போனது 897 ரூபாய். அம்மா தையல் தைக்கிறவர். ஒரு ரவிக்கைக்குக் கூலி நூறு ரூபாய். ஒன்பது ரவிக்கைகளின் உழைப்பு, யாரும் பார்க்காத படத்திற்குக் கட்டணமாகப் போயிற்று!

அம்மா என்னைத் திட்டவில்லை. "படிச்ச புள்ள நீ சொன்னியேன்னு போட்டேன்" என்றார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம் என்று தோன்றியது.

தவறு யாருடையது?

செயலியை நீக்குவது வேறு. சந்தாவை நிறுத்துவது வேறு. கடையின் வாசற்பலகையைக் கழற்றிவிட்டால் கடன் கணக்கு அழிந்துவிடுமா? அந்த ரகசிய எண்ணைப் போட்டபோது நாங்கள் செய்தது, "மாதந்தோறும் எடுத்துக்கொள்" என்று கையெழுத்திட்ட செயல். வாசிக்காமல் கையெழுத்திடச் சொன்னவன் நான்.

நிறுவனங்களுக்குப் பொறுப்பில்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். நிச்சயமாக உண்டு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறையில் இருக்கிறது. தானாகப் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னர் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி: சேர்வதை எளிதாக்கி, விலகுவதைக் கடினமாக்கும் உத்தி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அறிவிப்பும் வருகிறது. ஆனால் அறிவிப்பு வருகிற மொழி அம்மாவின் மொழியாக இல்லை. அந்த இடைவெளியில் நிற்பவர்கள் நாம்தான்.

எப்படித் தொடங்குவது?

என் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். முதலாவது, செயலியைத் திறந்தவுடன் படத்தைத் தேடாதீர்கள். கணக்குப் பகுதியில் சந்தாவை நிறுத்தும் இடத்தைத் தேடுங்கள். அது கண்ணில் பட்டபின் பணம் கட்டலாமா என்று எண்ணுங்கள். இரண்டாவது, யு.பி.ஐ. செயலிக்குள் 'ஆட்டோபே' என்றொரு பகுதி உண்டு. யார் யாருக்கு மாதந்தோறும் எடுக்க இசைவு தந்திருக்கிறோம் என்பதை அது காட்டும். அங்கேயே அதை ரத்து செய்யலாம். இன்றிரவே வீட்டிலுள்ள கைபேசியில் அதைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, படத்தின் தரம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் தரும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்திற்கு சுமார் 1 ஜி.பி. வரை செலவாகும், எச்.டி. தரத்தில் 3 ஜி.பி. வரை ஆகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. வாங்கும் மாணவனுக்கு எச்.டி. படம் அரை மணியிலேயே தீர்ந்துவிடும்! அமைப்பில் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; சிறிய திரையில் பெரிய வேறுபாடு தெரியாது. நான்காவது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். நாளைய தேர்வை நினைத்துச் சொல்கிறேன்.

பணம் கொடுத்தால்தான் தொடங்க முடியும் என்பதுமில்லை. கேரள அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற சொந்தத் தளத்தைத் தொடங்கியது. மாதச் சந்தா இல்லை. பார்க்கும் படத்திற்கு மட்டும் கட்டணம். எவ்வளவு நேர்மையான முறை! அதே ஆண்டு நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' செயலியை வெளியிட்டது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்களை எவரும் காசின்றிப் பார்க்கலாம். தேர்வுக்கு முதல் வாரம் எனக்குப் புள்ளியியல் புரிந்தது அங்கேதான்.

ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் முகாமுக்குச் செல்கிறோம், மரம் நடுகிறோம், குளம் தூர் வாருகிறோம். இவ்வாண்டு நிரவியிலோ நெடுங்காட்டிலோ திருமலைராயன்பட்டினத்திலோ ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோம். தாய்மார்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் கைபேசிக்கு வரும் ஆங்கிலக் குறுஞ்செய்தியைத் தமிழில் படித்துச் சொல்வோம். நிறுத்த வேண்டியதை எப்படி நிறுத்துவது என்று காட்டிக்கொடுப்போம். பட்டம் பெறுமுன் நாம் செய்யக்கூடிய நல்ல ஆசிரியப் பணி அதுவாக இருக்கும்.

அன்று ஆண்டெனாவைத் திருப்பியது தாத்தாவின் கை. எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பதை வீடே கூடித் தீர்மானித்தது. இன்று நம் விரல்தான் திரையைத் தொடுகிறது. ஆனால் தீர்மானம் நம்முடையதாக இருக்கிறதா? மாணவ நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அடுத்த முறை அம்மாவோ அக்காவோ "எதுக்கு இந்த நம்பர் கேக்குது?" என்றால், "சும்மா போடுங்க" என்று சொல்லாதீர்கள். அமர்ந்து, படித்துச் சொல்லுங்கள்.