ஏட்டில் 16, கடிகாரத்தில் 22

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு சர்க்கார் குமாஸ்தா வேலை. இதுதான் நான். அறிவியலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பதிவேட்டில் கணக்கு ஒழுங்காக எழுதியிருக்கிறதா, பூசி மெழுகியிருக்கிறதா என்று சொல்ல நிச்சயமாகத் தகுதி உண்டு.

இங்கே வேங்கிக்காலில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, சின்னக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். இரவு பத்து மணிக்கும் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பாள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்மா வகுப்பு?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஏட்டுல பதினாறு, பெரியப்பா" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குக் கணக்கு இது: பாட வகுப்பு 10 மணி, ஆய்வகம் 12 மணி. ஆனால் ஆய்வகத்தில் 2 மணி நின்றால்தான் 1 மணி என்று எழுதுவார்களாம். ஆக 12 என்பது 6 ஆகிவிடுகிறது. பத்தும் ஆறும் பதினாறு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையும் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி என்றே சொல்வதால் ஏடு சுத்தம். கடிகாரம் மட்டும் 22 காட்டுகிறது.

பென்ஷன்காரர் நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "நாமெல்லாம் காலை பத்திலிருந்து மாலை வரை உட்காரவில்லையா? இருபத்திரண்டு மணி ஒரு வேலையா?" ஐயா, நாம் உட்கார்ந்தோம். அவள் நிற்கிறாள். வகுப்புக்கு முன் கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். உதவியாளர் இல்லாத இடத்தில் அதுவும் ஆசிரியர் தலையில்தான். வேதியியல் என்றால் கரைசல் தயாரிக்க வேண்டும். அமிலம் கையாளும் பிள்ளைகள் மேல் கண் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ரெக்கார்டும் திருத்த வேண்டும். இது பாடம் நடத்துவதில் பாதி உழைப்பா?

பிரான்ஸில் பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஆண்டுக்கு 128 மணி விரிவுரை, அல்லது 192 மணி பயிற்சி வகுப்பு என்று கணக்கு. அவர்களுக்குப் பாதி வேலை ஆராய்ச்சி. ஆகவே அந்த எண்களை நம்மோடு ஒப்பிட வேண்டாம். கணக்கு எழுதும் முறையைப் பாருங்கள். ஒரு மணி விரிவுரையை ஒன்றரை மணியாக எண்ணுகிறார்கள், அதற்கான தயாரிப்பும் உழைப்புதான் என்று. அங்கேயும் ஆய்வக நேரத்தைக் குறைத்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2009ல் அதைத் திருத்தி, ஆசிரியரின் கடமை நேரத்தில் ஆய்வகமும் பயிற்சி வகுப்பும் சமம் என்றார்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருத்துவதில் அவமானம் ஒன்றுமில்லை.

நம் நாட்டிலோ 2016ல் யு.ஜி.சி. 16ஐ 18 ஆக்கி, மேலே 6 மணி டுடோரியலையும் ஏற்றியது. டெல்லி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்த மறுத்துப் போராடியதால் பின்வாங்கியது. டெல்லியில் சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது. சின்ன ஊர்க் கல்லூரியில் வாய் திறந்தால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

நஷ்டம் அவளுக்கு மட்டுமா? ஆறு பேர் ஒரு கருவியைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் தொடுகிறான், ஐந்து பேர் அளவுகளைக் காப்பியடிக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் அந்த ஐந்து பேரில்தான் பெரும்பாலும் இருப்பார்கள். சோர்ந்துபோன ஆசிரியர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போடுகிறார். அந்த ரெக்கார்டும் பொய், அந்த 16ம் பொய்.

ஆய்வகத்தின் ஒரு மணியை ஒரு மணி என்றே எழுதுங்கள். அதற்கு ஆள் போதவில்லை என்றால் ஆளைப் போடுங்கள். பணமில்லை என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள்? ஆய்வக மணியை எப்படி எண்ணுகிறீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால், வேறு கல்லூரி பாருங்கள்.