ஓநாய் நிற்கும் இடம்

‘தி பாத்’ என்ற கணினி விளையாட்டு பெண்பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவரும் அதை விளையாடிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். எனக்கும் அதன்மேல் கோபம் உண்டு, ஆனால் அது வேறு கோபம்.

பெல்ஜியத்தின் ‘டேல் ஆஃப் டேல்ஸ்’ 2009இல் வெளியிட்டது. சிவப்புத் தொப்பிச் சிறுமி கதைதான். ஒருத்திக்குப் பதில் ஆறு அக்கா தங்கைகள். மூத்தவளுக்கு 19 வயது, கடைக்குட்டிக்கு 9. ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாதையை விட்டு விலகாதே என்பது கட்டளை. சொன்னபடி போய்ச் சேர்ந்தால் ‘தோல்வி’ என்று திரையில் வருகிறது! காட்டுக்குள் இறங்கி, தனக்கென்று காத்திருக்கும் ஓநாயைச் சந்தித்தால்தான் வெற்றி. 15 வயதுக்காரிக்கு அந்த ஓநாய், சிகரெட்டும் கையுமாக ஓர் இளைஞன். திரை இருள்கிறது. வெளிச்சம் வரும்போது பாட்டி வீட்டருகே மழையில் விழுந்து கிடக்கிறாள். நடுவில் நடந்ததைக் காட்டுவதில்லை. அடுத்தவளைத் தேர்ந்தெடுக்கப் போனால் அறையில் ஒருத்தி குறைகிறாள்.

‘நம் கதைகளில் இப்படியெல்லாம் உண்டா?’ கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? உடுக்கடிப் பாட்டில் விடியவிடிய அண்ணன்மார் கதை கேட்ட மண் அல்லவா! பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் பக்கம் பதிவுசெய்த கதையில், பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்காள் அண்ணிமார் இருக்கும் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். மணமாகியும் கணவரோடு வாழாத பெண்கள் அவர்கள். அவர்களுடைய விருப்பத்தைப் பாட்டும் கேட்கவில்லை, பாட்டைக் கேட்டவர்களும் கேட்கவில்லை. தங்காளைக் கும்பிடுகிறோம். ஆக, இருட்டு நமக்குப் பிரச்சினையே இல்லை. அந்த இருட்டில் பெண் தானாக ஓர் அடி எடுத்துவைத்தால்தான் பிரச்சினை.

‘தி பாத்’தில் எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தப் பெண் எதையாவது தொடவோ பார்க்கவோ வேண்டுமென்றால் ஆடுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும். அவளாகச் செய்துகொள்வாள். நம் வீடுகளில் யாருக்கும் வராத பழக்கம்.

என் கோபம், ஓநாயைக் காட்டில் கட்டிவைத்ததன் மேல். சொல்பேச்சுக் கேட்டால் பாதையில் பத்திரம், கேட்காவிட்டால் காட்டில் சீரழிவு, சீரழிந்தால்தான் வளர்ச்சி. இது தேர்வா? ‘பாதையை விட்டுப் போகாதே’ என்ற தாயின் எச்சரிக்கை பெரோ 1697இல் எழுதிய கதையில் கிடையாது; கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் இருக்கிறது. பெரோவின் காட்டில் விறகுவெட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து ஓநாய் அங்கே சிறுமியைத் தொடவில்லை. அவள் சாவது பாட்டி வீட்டுக் கட்டிலில். என் மாணவி ஒருத்தி கேட்டாள், ‘பாட்டி வீட்டுக்கே போகமாட்டேன்னு சொல்ல எந்த பட்டனை அழுத்தணும் மேடம்?’ அப்படி ஒரு பட்டன் அதில் இல்லை.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன்படித்த கவுண்டர் சாதித் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். கோயில் என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் தடை சொல்லமாட்டார்கள். பாதையிலேயே பத்திரமான பாதை. அங்கிருந்துதான் அவரைக் கடத்தினார்கள். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இங்கே ஓநாய் அந்தப் பெண்ணைக் கடிக்கவில்லை, அவள் பேசியவரைக் கொன்றது. அதற்கு வைத்த பெயர் பெண்ணின் பாதுகாப்பு, சாதியின் மானம். எந்தக் கதையாசிரியருக்கும் இந்த ஓநாய் தோன்றவில்லை.

தலைமறைவாக இருந்த நாட்களில் முதன்மைக் குற்றவாளி பேசி அனுப்பிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் ஊரெங்கும் சுற்றின. அதைக் கேட்டால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று எந்த வீட்டிலும் செல்போனைப் பிடுங்கியதாக நான் கேள்விப்படவில்லை.